வைரத்தின் குற்றம் கூறும் சாட்சியம்

கிராஞ்சிக் கரையில் ஓதம் வடிந்த வேளையில் சென்று பார்ப்போருக்கு முதலில் தென்படுவது கரிய சேறு. சதுப்புநிலக் காட்டின் வேர்களுக்கிடையே உதிர்ந்த இலைகள் அச்சேற்றில் புதைந்து, மக்கி, கறுத்துக் கிடக்கின்றன. அங்கிருந்து தெற்கே சிராங்கூன் சாலைக்கு வந்தால், நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழுகல் தோடுகள் விளக்கொளியில் மின்னுகின்றன. சேற்றின் கருமைக்கும் வைரத்தின் ஒளிக்கும் அடிப்படையான பொருள் ஒன்றே. அதுவே கரி, இரசாயன நூலார் அதனைக் கார்பன் என்பர்.

1772ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் வைரத்தைச் சூரிய வெப்பத்தில் எரித்துப் பார்த்தார். 1797இல் ஆங்கிலேய அறிஞர் ஸ்மித்சன் டென்னன்ட், எரிந்த வைரமும் அதே எடையுள்ள கரியும் ஒரே அளவு கரியமில வாயுவைத் தருகின்றன என்று காட்டி ஐயத்தைத் தீர்த்தார். வைரம் கரியே என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆனால் எல்லா வைரங்களும் ஒரே வழியில்தான் பிறந்தனவா என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. ஒன்று வெண்மையாகவும், ஒன்று மஞ்சளாகவும், மற்றொன்று நீலமாகவும் இருப்பதேன்? சில மிகப் பெரியனவாகவும் தெளிந்தனவாகவும் வளர்ந்தது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை, கடையில் நாம் வேண்டாமென்று ஒதுக்கும் மாசிலும் புள்ளியிலுமே பெரும்பாலும் கிடைத்திருக்கிறது.

நான்கு குற்றங்கள்

வைரத்தின் குற்றத்தைத் தமிழர் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை நகரத்து மணிக்கடைத் தெரு வருணிக்கப்படுகிறது. அங்கே வைரத்துக்கு ஆகாத குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கு கூறப்படுகின்றன. காக்கையின் கால்போல் பிளவுபட்ட கீறல், மங்கிய கறை, துளி போன்ற புள்ளி, கோடு ஆகியவையே அவை. இந்நான்கும் நீங்கிய கல்லே நல்ல கல் என்பது அக்கால வணிகர் துணிபு.

அத்துணிபோடு வேறொரு நம்பிக்கையும் வளர்ந்தது. குற்றமுள்ள வைரம் குடும்பத்துக்கு ஆகாது என்பர். புதிதாக வாங்கிய கல்லை இரவில் தலையணைக்கடியில் வைத்துப் படுத்து, கனவு நல்லதா கெட்டதா என்று பார்த்த பின்பே தோட்டில் பதிக்கக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மகளின் திருமணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருளாயிற்றே; அச்சம் எழுவது இயல்பே. ஆயினும், கல்லிலுள்ள கரும்புள்ளி உண்மையில் யாது என்பதை அறிந்தவர்க்கு அவ்வச்சம் தேவைப்படாது.

பிறந்த இடம்

பூமியை ஓர் அவித்த முட்டையாகக் கருதுவோம். நாம் வாழும் நிலமும் கடலடித் தரையும் முட்டையோடு போன்றவை. மஞ்சட்கருவின் இடத்தில் இரும்பு மிகுந்த உட்கரு உள்ளது. இரண்டுக்கும் நடுவேயுள்ள வெண்கருப் பகுதியைப் புவிநூலார் கவசம் என்பர். ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை பரந்த இக்கவசத்தில்தான் வைரங்கள் பிறக்கின்றன.

பெரும்பாலான வைரங்கள் பிறப்பது 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில். சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்குள்ள தொலைவை நேர் கீழே அளந்தால் அந்த ஆழம் வரும். அங்கே அழுத்தம் நாம் தாங்கும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 50,000 மடங்கு. வெப்பம் 1,000 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். கார்பன் நிறைந்த நீர்மம் பாறை இடுக்குகளில் ஊடுருவிச் செல்லும்போது, கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து வைரமாகப் படிகின்றன. பின்னர் எப்போதோ ஒருமுறை, கிம்பர்லைட் என்னும் எரிமலைக் குழம்பு ஆழத்திலிருந்து சீறியெழும்போது அவற்றையும் மேலே வாரிக்கொண்டு வருகிறது.

இவற்றின் வயது நம் கற்பனைக்கு எட்டாதது. வைரம் வளரும்போது அருகிலிருந்த கனிமத் துணுக்குகளும் அதனுள் அகப்பட்டுவிடுவதுண்டு. அத்துணுக்குகளிலுள்ள கதிரியக்கத் தனிமங்களை அளந்து, 100 கோடி முதல் 350 கோடி ஆண்டு வரை வயதுடைய வைரங்களை அறிஞர்கள் கண்டுள்ளனர். புள்ளியே இல்லாத தூய கல்லில் இவ்வாறு வயதை அளக்க வழியில்லை.

இராமனும் வைரமும்

வைரத்தின் மாசு எத்துணை முக்கியமானது என்பதை நமக்குக் கற்பித்த வரலாற்றில் ஒரு தமிழ் மேதைக்கும் இடமுண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்து, 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமனே அவர். பெங்களூரில் பணியாற்றிய காலத்தில் வைரத்தின்மீது அவருக்குத் தீராத பற்று ஏற்பட்டது. நூற்றுக்கணக்கான வைரங்களைச் சேகரித்து, அவற்றின் ஒளிர்வையும் ஒளி உட்கவரும் தன்மையையும் தம் மாணவர்களுடன் ஆராய்ந்தார். அம்மாணவர்களுள் ஒருவரான அன்னா மாணி முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளைப் பதிவு செய்தார். ஒளிப்படத் தகட்டில் ஒரு பதிவு விழ 15 அல்லது 20 மணி நேரம் வேண்டும். ஆதலின் அவர் ஆராய்ச்சிக்கூடத்திலேயே உறங்கிய இரவுகள் பல.

அப்போது விஞ்ஞானிகளிடையே ஒரு புதிர் இருந்தது. 1934இல் ராபர்ட்சன், ஃபாக்ஸ், மார்ட்டின் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் மூவர், வைரங்களில் இரு வகை உண்டு என அறிவித்தனர். பெரும்பாலானவை அகச்சிவப்பு, புறஊதாக் கதிர்களில் சிலவற்றைத் தடுத்துவிடுகின்றன. மிகச் சிலவோ அவற்றைத் தடையின்றி விடுகின்றன. முன்னது முதல் வகை, பின்னது இரண்டாம் வகை எனப்பட்டது. இரண்டும் கார்பனே என்றால் இவ்வேறுபாடு ஏன்?

வைரம் தூய கார்பன் என்பதால் வேறுபாடு அணுக்களின் அமைப்பிலேயே இருத்தல் வேண்டும் என்று இராமன் கருதினார். வைரத்தில் நான்கு விதமான உள்ளமைப்புகள் உண்டென்றும், அவை ஒரே கல்லில் கலந்தும் வரலாமென்றும் அவர் வாதிட்டார். ஐரோப்பிய அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. வாதம் பல ஆண்டுகள் நீடித்தது.

1959இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த கைசர், பாண்ட் என்னும் இருவர் முடிவு கண்டனர். முதல் வகை வைரத்தில் நைட்ரஜன் கலந்துள்ளது! நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள அதே நைட்ரஜன், சில வைரங்களில் 0.2 விழுக்காடு வரை இருப்பதை அவர்கள் அளந்து காட்டினர். நைட்ரஜன் மிக மிக, வைரம் தடுக்கும் கதிரின் அளவும் மிகுந்தது. அமைப்பின் வேறுபாடு என்று இராமன் எண்ணியது மாசின் வேறுபாடாக முடிந்தது.

இதனால் அப்பெருமகனாரின் புகழ் குன்றிவிடவில்லை. அவர் கண்ட ஒளிச்சிதறல் முறையில், சி. இராமசாமி என்பார் 1930இல் வைரத்துக்கே உரிய ஒரு நிறமாலைக் கோட்டைக் கண்டறிந்தார். 1332 என்னும் அலையெண் கொண்ட அக்கோடுதான் இன்றும் ஒரு கல் வைரமா போலியா என்று அறிய உலகெங்கும் பயன்படுகிறது. இராமன் கூட்டத்தார் எடுத்த அளவுகள் நிலைத்தன. அவற்றுக்குத் தந்த விளக்கமே மாறியது. எத்துணைப் பெரியவர் கூறினும் சோதனையின் தீர்ப்பே இறுதியானது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

நைட்ரஜன் என்னும் கடிகாரம்

இயற்கை வைரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வரை நைட்ரஜன் கலந்த முதல் வகையே. வைரம் வளரும்போது நைட்ரஜன் அணுக்கள் தனித்தனியாக உள்ளே அமர்கின்றன. அப்படித் தனித்திருக்கும் நிலையில் கல்லுக்கு மஞ்சள் நிறம் உண்டாகிறது. பூமியின் வெப்பத்தில் காலம் செல்லச் செல்ல அவ்வணுக்கள் மெல்ல நகர்ந்து இருவர் இருவராகச் சேர்கின்றன. மேலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்தால், ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து நால்வராகக் கூடுகின்றன. திருவிழாக் கூட்டத்தில் தனித்தனியே வந்தவர்கள் நேரம் ஆக ஆகக் குழுக்குழுவாகச் சேர்வது போன்றது இது. எத்தனை அணுக்கள் எந்நிலையில் உள்ளன என்று பார்த்தால், அக்கல் எத்துணைக் காலம், எவ்வளவு வெப்பத்தில் பூமிக்குள் இருந்தது என்பதை மதிப்பிடலாம்.

நம் பெண்மணிகள் விரும்பிக் கேட்கும் புளூ ஜாகர் வைரத்தின் இரகசியமும் இதில் அடங்கியுள்ளது. ஜாகர் என்னும் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்திலுள்ள ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அச்சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் நம் நகைக்கடைகளில் வாழ்கிறது. வெற்றிடம் ஒன்றைச் சூழ்ந்து மூன்று நைட்ரஜன் அணுக்கள் அமைந்த கல்லில் புறஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். சூரிய ஒளியில் அக்கதிர் உண்டு. எனவே பகல் வெளிச்சத்தில் அக்கல் இளநீலச் சாயலோடு தோன்றுகிறது. உள்ளே சிறிது மஞ்சள் இருப்பினும் நீல ஒளிர்வு அதனை மறைக்கிறது. ஆக, விரும்பி விலைகொடுத்து வாங்கும் அந்த நீலச் சாயலும் ஒரு மாசின் செயலே.

தூய கல்லின் புதிர்

இனி, நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாத அரிய கற்களைக் காண்போம். கிருஷ்ணை ஆற்றங்கரையில், இன்றைய ஆந்திர மாநிலத்துக் கொல்லூர் முதலிய இடங்களில் எடுக்கப்பட்டு, கோல்கொண்டாச் சந்தையில் விற்கப்பட்ட வைரங்கள் இத்தகைய தெளிவுக்குப் பெயர்பெற்றவை. அவற்றுள் ஒன்று சென்னைக்கு வந்தது. கோட்டையின் ஆளுநராயிருந்த தாமஸ் பிட் 410 காரட் எடையுள்ள அப்பட்டை தீட்டாத கல்லை 48,000 வராகனுக்கு வாங்கினார். 1717இல் அது பிரெஞ்சு நாட்டுக்கு விற்கப்பட்டு ரீஜென்ட் வைரம் எனப் பெயர்பெற்றது. 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரமும் நைட்ரஜன் அற்ற வகையைச் சேர்ந்ததே.

மிகப் பெரிய கற்கள் பெரும்பாலும் இவ்வகையாகவே இருப்பதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. அவற்றில் புள்ளிகள் அரியவை. இருந்தாலும் பட்டை தீட்டுவோர் அப்பகுதியை வெட்டி எறிந்துவிடுவர். எவன் ஸ்மித் என்னும் அறிஞரும் அவர் தோழர்களும் அவ்வாறு வெட்டிய துண்டுகளையும் சேர்த்து 53 கற்களை ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். கரும்புள்ளிகள் இரும்பும் நிக்கலும் கார்பனும் கந்தகமும் உறைந்த உலோகத் துளிகளாக இருந்தன! அவற்றைச் சுற்றி மீத்தேன் வாயு மெல்லிய உறைபோல் படிந்திருந்தது. வேறு கனிமத் துணுக்குகள் 360 முதல் 750 கிலோமீட்டர் வரையிலான ஆழத்தைச் சுட்டின.

பாகு காய்ச்சி நூலைத் தொங்கவிட்டால் அதில் கற்கண்டு பெரிதாகப் படிவதைப் பலர் பார்த்திருப்பர். அதுபோல், உருகிய உலோகத்தில் கரைந்திருந்த கார்பன் மெல்லப் படிந்து இப்பெருங்கற்கள் வளர்ந்தன. நைட்ரஜனை உலோகம் தன்னிடமே இழுத்துக்கொண்டதால் வைரம் தூயதாயிற்று என்பது அறிஞர் கருத்து. 1954இல் அமெரிக்காவில் டிரேசி ஹால் முதலியோர் செயற்கை வைரம் செய்தபோது அவர்களும் உருகிய உலோகக் கலவையின் துணையையே நாடினர். மனிதன் கண்ட வழியை இயற்கை அவனுக்கு முன்னரே கையாண்டிருந்தது.

நீல வைரமும் கடலடித் தரையும்

ஹோப் என்னும் நீல வைரத்தின் எடை 45.52 காரட். 1668இல் டவர்னியே என்னும் வணிகர் பிரெஞ்சு மன்னருக்கு விற்ற இந்திய நீலக்கல்லிலிருந்து வெட்டப்பட்டது அது. 1958 முதல் வாஷிங்டன் நகர ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் உள்ளது. அதனை வைத்திருந்தோரைப் பற்றிப் பல தோஷக் கதைகள் வழங்குகின்றன. அறிஞர்கள் அதனுள் கண்டதோ போரான் என்னும் தனிமம். பத்து இலட்சம் அணுக்களில் சில போரான் அணுக்கள் கலந்தாலே வைரம் நீலமாகிவிடும்; மின்சாரத்தையும் சிறிது கடத்தும்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. போரான் கவசத்தில் மிக அரிது. நிலத்திலும் கடலிலுமே மிகுதி. மேலேயுள்ள பொருள் அவ்வாழத்துக்குச் சென்றது எவ்வாறு? 2018இல் 46 நீல வைரங்களின் உட்துணுக்குகளை ஆராய்ந்தபோது, அவை 660 கிலோமீட்டருக்கும் கீழே பிறந்தவை எனத் தெரிந்தது. அது சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குள்ள தொலைவினும் மிகுந்த ஆழம்.

விடை நமக்கு அண்மையிலேயே நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒன்றில் உள்ளது. சுமத்திராவின் மேற்கே, இந்துமாக்கடலின் அடித்தரை ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் அளவு அத்தீவின் அடியில் அமிழ்ந்து செல்கிறது. 2004ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் காரணம் அவ்வமிழ்தலே. உலகின் பல கடலோரங்களில் இது நடைபெறுகிறது. கடல்நீர் ஊறிய பாறை அமிழும்போது போரானும் நீரும் கார்பனும் அதனோடு கீழே செல்கின்றன. அவ்வாறு சென்ற போரானே நீல வைரத்தில் சிறைப்பட்டது. பெரிய தூய வைரங்களின் உலோகத் துளிகளிலுள்ள இரும்பும், கடல்நீர் ஊறிய பாறையிலிருந்து வந்ததற்கான அடையாளம் கொண்டது என 2021இல் வெளியான ஆய்வு கூறிற்று.

கார்பனிலும் இத்தகைய அடையாளம் உண்டு. கார்பன் அணுக்களில் எடை குறைந்த 12, எடை கூடிய 13 என இருவகை உள்ளன. செடிகொடிகள் உணவு சமைக்கும்போது எடை குறைந்ததையே மிகுதியாக ஏற்கும். கிராஞ்சிச் சேற்றில் புதையும் இலையிலும் இதே விகிதம் காணப்படும். கவசத்துக் கார்பனில் எடை கூடிய வகை அதனினும் சிறிது அதிகம். சில வைரங்களில் கார்பனின் விகிதம் தாவரத்தின் விகிதத்தை ஒத்திருக்கிறது. ஒரு காலத்தில் கடலடியில் படிந்த உயிரினங்களின் கரி அவற்றில் கலந்திருத்தல் கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

இருபது டாலர் கல்

விலைபோகாத கல்லே சில வேளை அரிய செய்தியைத் தரும். பிரேசில் நாட்டு ஜுயினாவில் கிடைத்த பழுப்பு நிறச் சிறு வைரம் ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் ஏறத்தாழ 20 டாலருக்கு வாங்கினர். நகைக்கு அது உதவாது. அதனுள், கண்ணுக்குத் தெரியாத துணுக்காக ரிங்வூடைட் என்னும் கனிமம் இருந்தது. ஏறத்தாழ 520 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்தில் உருவாகும் அக்கனிமத்தைப் பூமியின் உள்ளிருந்து வந்த பொருளில் எவரும் அதற்குமுன் கண்டதில்லை. அதன் எடையில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு நீர் எனக் கணக்கிடப்பட்டது. பூமியின் ஆழத்திலும், குறைந்தது சில இடங்களிலாவது, பாறையோடு பிணைந்த நீர் நிறைய உண்டு என்று 2014இல் அக்கல் உலகுக்கு அறிவித்தது.

2025இல் வேறொரு செய்தி வந்தது. ஜாகர்ஸ்ஃபோன்டைன் இருக்கும் அதே ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில் வூர்ஸ்பூட் என்னும் சுரங்கம் உள்ளது. அங்கே கிடைத்த இரண்டு வைரங்களை ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆராய்ந்தனர். 280 முதல் 470 கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்த அவற்றுள், நிக்கல் மிகுந்த உலோகத் துகள்களும் நிக்கல் மிகுந்த கார்பனேட்டுத் துகள்களும் சேர்ந்து கிடந்தன. இரசாயனம் பயின்றோர் இதைக் கேட்டு வியப்பர். கார்பனேட்டு ஆக்சிஜன் நிறைந்தது; உலோகமோ ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் உலோகமாக நிலைக்கும். எலியும் பூனையும் ஒரே கூட்டில் அகப்பட்டாற் போன்றது இது.

விளக்கம் கடினமன்று. நீரும் காற்றும் பட்டால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். நிக்கல் எளிதில் பிடிக்காது. அதனாலன்றோ இரும்புப் பொருள்களுக்கு நிக்கல் முலாம் பூசுகின்றனர்! ஆழத்துப் பாறையில் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம் இருந்தது. அமிழ்ந்த தரையிலிருந்து வந்த கார்பனேட்டுக் குழம்பு அதனுள் புகுந்தது. குழம்பிலிருந்த ஆக்சிஜனை இரும்பு முதலில் கவர்ந்துகொள்ள, எஞ்சிய உலோகத்தில் நிக்கலின் பங்கு மிகுந்தது. ஆக்சிஜனை இழந்த கார்பன் வைரமாகப் படிந்தது. அந்த மாற்றம் முடியுமுன் இரு தரப்பின் துகள்களும் வளரும் வைரத்துக்குள் அகப்பட்டுக்கொண்டன. வைரம் இவ்வாறு பிறக்கும் என்று கணக்கிட்டோர் பலர். அந்நிகழ்ச்சியின் இரு தரப்பையும் அவ்வாழத்திலிருந்து ஒருசேரக் கொணர்ந்தவை இவ்விரு கற்கள். கற்கள் இரண்டே ஆதலின், எங்கும் இவ்வாறே நிகழ்கிறது என்று கூறிவிட இயலாது.

மீண்டும் கடைக்கு

இவ்வறிவு வாங்குவோருக்கும் பயன்படுவதே. இன்று ஆலைகளில் வளர்க்கப்படும் வைரங்கள் ஏராளமாகச் சந்தைக்கு வருகின்றன. அவையும் உண்மையான வைரங்களே. கண்ணால் பார்த்து இயற்கைக் கல்லிலிருந்து பிரித்தறிய இயலாது. ஆனால் சில நாட்களிலோ வாரங்களிலோ வளர்ந்த கல்லில், கோடிக்கணக்கான ஆண்டுகள் கூடிச் சேர்ந்த நைட்ரஜன் குழுக்கள் இரா. ஆகவே பரிசோதனைக்கூடங்கள் கல்லைக் கருவியில் வைத்ததும் முதலில் நைட்ரஜன் இருக்கும் விதத்தைப் பார்க்கின்றன. நைட்ரஜன் அறவே இல்லாத கல் வந்தால் ஐயுற்று மேலும் சோதிக்கின்றன. இயற்கை வைரத்துக்கு மாசே பிறப்புச் சான்றிதழ் ஆகிவிட்டது. விலை கொடுப்போர் அத்தகைய பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குவது நலம்.

முன்னோர் கூறிய குற்றங்களில் காகபாதத்துக்கு அஞ்சுவது தக்கதே. கீறல் உள்ள கல் தட்டுப்பட்டால் பிளந்துவிடும். உள்ளே அடங்கிக் கிடக்கும் சிறு புள்ளியோ எவருக்கும் தீங்கு செய்யாது. அது விலையைக் குறைக்கும், குடியைக் கெடுக்காது. பாட்டியின் தோட்டில் உள்ள கல்லில் கரும்புள்ளி ஒன்றைக் காணும் பேத்தி, அதனைத் தோஷமென்று ஒதுக்குமுன் ஒரு பூதக்கண்ணாடி கொண்டு உற்றுப் பார்க்கட்டும். மனிதர் எவரும் சென்று காணவியலாத ஆழத்தின் ஒரு துணுக்கு, நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கெடாமல், அவள் கையில் இருக்கக்கூடும்.